காவடி பேனலுக்கு மேக்னட்: ரெண்டு காந்தத்துக்கு நடுவுல உள்ள இழுவிசைய எப்படி கணக்குப் போடறது?

பாகான்_தம்பி (பட்டர்வொர்த்):

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்கு எங்க மாமா தண்ணீர்மலைக்கு காவடி எடுக்கறாரு, இந்த வருஷம் ஃபிரேம் வேலை முழுக்க என் கையில. ஃபிரேம் அலுமினியம், அதுமேல மயிலிறகு வச்ச பேனல் வரும், ஒரு பேனல் ஏறத்தாழ 1.2 கிலோ, உயரம் 40 சென்டிமீட்டர். இத்தன வருஷமும் கம்பியும் கேபிள் டையும் போட்டு கட்டிட்டு வந்தாங்க, ஆனா கார்ல ஏத்த எல்லாத்தையும் வெட்டணும், அங்க போயி மறுபடி கட்டணும், விடியக்காலைல இருட்டுல அத செய்யறதுக்குள்ள மாமா விரதத்தோட நின்னுக்கிட்டே இருப்பாரு, அத பார்க்க எனக்கு மனசு கேக்கல. அதனால ஒவ்வொரு பேனலுக்கும் நாலு மூலைலயும் மேக்னட் வச்சு டக்குனு மாட்டற மாதிரி செய்யலாம்னு இருக்கேன்.

வாங்கி வச்சது வட்டமான நியோடிமியம், 20 எம்எம் விட்டம், 5 எம்எம் கனம், என்-42 கிரேட். ஃபிரேம்ல ஒன்னு, பேனல்ல ஒன்னு, ரெண்டும் ஒன்னையொன்னு இழுக்கும். ஆனா நேரா ஒட்டாது, நடுவுல வெல்வெட் துணியும் பிளாஸ்டிக் தகடும் வருது, வெர்னியர்ல அளந்து பார்த்தா மொத்தம் 2 எம்எம் இடைவெளி.

பெட்டில "8 கிலோ" அப்படின்னு போட்டிருக்கு. அது எந்த இடைவெளிக்குன்னு ஒன்னும் இல்ல. நெட்ல தேடுனப்ப சிலிண்டர் மேக்னட்டுக்குன்னு ஒரு ஃபார்முலா கெடச்சுச்சு:

ஃபோர்ஸ் = (பை × மியூ நாட் ÷ 4) × எம்² × ஆர்⁴ × [ 1/எக்ஸ்² + 1/(எக்ஸ்+2டி)² − 2/(எக்ஸ்+டி)² ]

எக்ஸ் இடைவெளி, டி கனம், ஆர் ஆரம், எம் காந்தமாக்கம், மியூ நாட்ங்கறது வெற்றிடத்தோட காந்த மாறிலி. காந்தத்தோட பிஆர் (அதுக்குள்ள நிரந்தரமா தங்கி நிக்கற காந்தப்புலம்) 1.3 டெஸ்லான்னு எடுத்து, எக்ஸ் 2 எம்எம் போட்டா 2283 நியூட்டன் வருது, அதாவது 233 கிலோ! எக்ஸ் ஸீரோ போட்டா கணக்கே நிக்க மாட்டேங்குது. ரெண்டு மூனு தடவ யூனிட்லாம் சரி பார்த்துட்டேன், எல்லாம் மீட்டர்லதான் போட்டிருக்கேன். பெட்டி 8 சொல்லுது, ஃபார்முலா 233 சொல்லுது, எத நம்பி மாமா தோள்ல ஏத்தறது? கூட்டத்துல கொழந்தைங்கலாம் பக்கத்துலயே நடந்து வருவாங்க, ஒரு பேனல் கழண்டு விழுந்தா யார் தலைல விழும்னு நெனச்சாலே பயமா இருக்கு. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கி சொல்லுங்க.

—

பிறை_டெக்னிஷியன்:

தம்பி வணக்கம், நல்ல காரியம் செய்யறீங்க. நான் பிறைல ஒரு ஃபேக்டரில மெயின்டனன்ஸ் பார்க்கறேன், ஜிக்ல (வேலை செய்யற பொருள அசையாம பிடிச்சு வைக்கற சட்டம்) மேக்னட் வைக்கறது எங்களுக்கு தினசரி வேலை. நாங்க வழக்கமா போடற கணக்கு பி ஸ்கொயர் கணக்கு: அழுத்தம் = பி² ÷ (2 × மியூ நாட்), பிங்கறது அந்த எடத்து காந்தப்புலம், அதாவது ஃபீல்டு. 1 டெஸ்லாக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ வரும், இத மனசுல வச்சுக்கங்க, எங்கயும் ஒதவும்.

நீங்க சொன்ன அதே சைஸ் என்கிட்ட இருந்துச்சு, காஸ் மீட்டர் வச்சு முகத்து நடுவுல பார்த்தா 2900 காஸ் கிட்ட காட்டுது, அதாவது 0.29 டெஸ்லா. பரப்பு 3.14 சதுர சென்டி. ஃபார்முலால போட்டா 10.5 நியூட்டன், 1.1 கிலோதான் வருது. ஆனா கையில ரெண்டையும் ஒட்டவிட்டு பிரிச்சா 1 கிலோ மாதிரி இல்லவே இல்ல, நகத்த பேத்துடும் போல இருக்கு. ஃபோரத்துல பிசிக்ஸ் படிச்சவங்க யாராச்சும் இத விளக்குனா எனக்கும் நல்லா இருக்கும்.

அதவிட முக்கியமா ஒன்னு சொல்றேன் தம்பி, இழுவிசை எவ்வளவுன்னாலும் பேனல் எடைய மேக்னட் மேல தொங்கவிடாதீங்க. நேரா இழுத்தாதான் அந்த 8 கிலோ. சறுக்கவிட்டா அதுல அஞ்சுல ஒரு பங்குகூட சந்தேகம். காவடில பேனல் நிமிந்து நிக்குது, எடை கீழ் பக்கமா இழுக்குது, அப்ப அது சறுக்கற விசைதானே.

—

செந்தூல்_டீச்சர்:

தம்பி, பிறை அண்ணே, ரெண்டு பேர் போட்ட கணக்குலயும் கூட்டல் கழித்தல் சரியாத்தான் இருக்கு, ஃபார்முலா பொருந்தாத எடத்துல போட்டிருக்கீங்க, அவ்வளவுதான். நான் படிவம் ஆறு பிள்ளைங்களுக்கு பிசிக்ஸ் எடுக்கறேன், இந்த எடத்துலதான் நெறைய பேர் குழம்புவாங்க, அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒரு உச்சவரம்பு பார்த்துக்குவோம். என்-42ன்னா பிஆர் 1.28லேந்து 1.32 டெஸ்லாக்குள்ள வரும், 1.3ன்னு வச்சுக்குவோம். பிறை அண்ணே சொன்ன பி ஸ்கொயர் கணக்குல 1.3 போட்டா சதுர சென்டிக்கு 6.9 கிலோ, 3.14 சதுர சென்டிக்கு 21.5 கிலோ. இரும்பு எதுவும் சேர்க்காம, இந்த விட்டத்துல, ஒரு முழம் நீளமான மேக்னட்ட கொண்டாந்து ஒட்ட வச்சாலும் இந்த 21.5ஐ தாண்டாது. அப்ப 233ங்கறது நடக்கவே நடக்காத நம்பர்னு ஒரே வரில தெரிஞ்சுடுது. எந்த ஃபார்முலாவ எடுத்தாலும் மொதல்ல இப்படி ஒரு எல்லைய வச்சு தட்டிப் பார்க்கற பழக்கம் வேணும்.

இப்ப 233 ஏன் வந்துச்சுன்னு பார்ப்போம். ஒரு டிஸ்க் மேக்னட்ட ரெண்டு தட்டா நெனச்சுக்கங்க, ஒரு முகம் முழுக்க வடக்கு "சார்ஜ்" பரப்புன மாதிரி, இன்னொரு முகம் முழுக்க தெற்கு. உண்மைல அப்படி ஒரு சார்ஜ் கெடையாது, ஆனா மேக்னட்டுக்கு வெளில கணக்கு துல்லியமா வரும். ரெண்டு மேக்னட்னா நாலு தட்டு, அதுல நாலு ஜோடி. எதிரெதிரா பார்த்துக்கிட்டு இருக்கற ரெண்டு முகமும் இழுக்கும், தூரம் எக்ஸ். இதோட முன் முகமும் அதோட பின் முகமும் ஒரே துருவம், தள்ளும், தூரம் எக்ஸ்+டி, இந்த மாதிரி ரெண்டு ஜோடி. கடைசில ரெண்டு பின் முகமும் ஒன்னையொன்னு இழுக்கும், தூரம் எக்ஸ்+2டி. தம்பியோட ஃபார்முலால பிராக்கெட்டுக்குள்ள இருக்கற மூனு உறுப்பும் இதேதான். ஆனா அந்த ஃபார்முலா ஒவ்வொரு முகத்தையும் ஒரே ஒரு புள்ளியா சுருக்கிடுது. 1785ல கூலோம் முறுக்குத் தராசு வச்சு துருவங்களுக்கு நடுவுல விசை தூரத்தோட வர்க்கத்துக்கு தலைகீழா போகுதுன்னு காட்டுனாரு, ஆனா அவரு எடுத்தது நீளமான மெல்லிசு கம்பி காந்தம், துருவம் நுனில புள்ளி மாதிரி இருக்கும். உங்க மேக்னட் 20 எம்எம் அகலம், தூரம் 2 எம்எம். 20 எம்எம் அகலமான தட்ட 2 எம்எம் தூரத்துலேந்து பார்த்தா அது எப்படி புள்ளியாகும்? ஆரத்தவிட தூரம் ரொம்ப ரொம்ப பெருசா இருந்தாதான் அந்த ஃபார்முலா.

தட்ட தட்டாவே வச்சு கணக்கு போட்டா இப்படி வருது. ஒட்டுன நிலைல: முன் முகங்களோட இழுவை 211 நியூட்டன், நடு ஜோடி ரெண்டும் சேர்ந்து தள்ளறது 178, பின் முகங்களோட இழுவை 49. 211 − 178 + 49 = 82 நியூட்டன், அதாவது 8.4 கிலோ. உங்க பெட்டில போட்ட 8 கிலோ எங்கேந்து வந்துச்சுன்னு தெரியுதா தம்பி? ஒட்டி வச்ச நிலையோட நம்பர் அது. அதே 2 எம்எம் இடைவெளில: 138.7 − 138.3 + 39.8, சுமார் 40 நியூட்டன், 4.1 கிலோ. பாதியா எறங்கிடுச்சு. மத்த இடைவெளிக்கும் போட்டுப் பார்த்தேன்: 1 எம்எம்க்கு 5.4 கிலோ, 3 எம்எம்க்கு 3.2, 5 எம்எம்க்கு 2.1, 10 எம்எம்க்கு 0.9.

இந்த நம்பர்கள பாருங்க, இதுல ஒரே ஒரு "தலைகீழ் வர்க்க விதி" எங்கயுமே இல்ல. பக்கத்துல இடைவெளி ரெட்டிச்சா விசை கொஞ்சம்தான் எறங்குது, தள்ளிப் போகப் போக அதே ரெட்டிப்புக்கு எறங்கற பங்கு கூடிக்கிட்டே போகுது. ரொம்ப தூரத்துல ரெண்டு மேக்னட்டும் வெறும் இருமுனையா (வடக்கும் தெற்கும் ஒட்டி நிக்கற ஒரு சின்னப் புள்ளி மாதிரி) ஆயிடும், அங்க விசை தூரத்தோட நாலாவது அடுக்குக்கு தலைகீழா போகும், தூரம் ரெட்டிச்சா விசை பதினாறுல ஒன்னு. உங்க மேக்னட்டுக்கு நடு மையத்துலேந்து நடு மையம் 10 சென்டி தள்ளி வச்சா வெறும் 1.6 கிராம் எடை அளவுதான் இழுக்கும். ஆனா அந்த நாலாவது அடுக்கு ஃபார்முலாவ 10 எம்எம் இடைவெளிலயே போட்டீங்கன்னா மூனு மடங்குக்கு மேல அதிகமா காட்டும். பக்கத்துக்கு ஒரு கணக்கு தூரத்துக்கு ஒரு கணக்கு, நடுவுல தட்டு கணக்குதான் கதி.

பிறை அண்ணேக்கு: பி ஸ்கொயர் ஃபார்முலா சரியான ஃபார்முலா, அதுல போடற பி எதுங்கறதுதான் கேள்வி. நீங்க அளந்த 0.29 ஒத்தை மேக்னட் தனியா இருக்கறப்ப உள்ள ஃபீல்டு, அதுவும் முகத்து நடுவுல. மெல்லிசு டிஸ்க்ல நடுவுலதான் ஃபீல்டு கம்மி, ஓரத்துக்கு போகப் போக ஏறும். ரெண்டாவது மேக்னட் வந்து சேர்ந்ததும் அதோட ஃபீல்டும் இதோட கூடும், சேர்ற எடத்து நடுவுல 0.58 ஆயிடும், ரெட்டிப்பு. பி வர்க்கம்ங்கறதால விசை நாலு மடங்கு. அதோட ஓரத்துல உள்ள அதிகம், வட்டத்துக்கு வெளிய திரும்பிப் போற ஃபீல்டு, எல்லாத்தையும் ரெண்டு மேக்னட்டுக்கும் நடு தளம் முழுக்க கூட்டுனாதான் 82 நியூட்டன் வரும். உங்க ஜிக்ல இரும்புத் துருவம் பெருசா, இடைவெளி சின்னதா இருக்கும், ஃபீல்டு எங்கயும் ஒரே மாதிரி இருக்கும், அதனால அங்க அந்த ஃபார்முலா அப்படியே பொருந்துது.

—

பாகான்_தம்பி:

டீச்சர், கோடி நன்றி. நாலு தட்டு விஷயம் இப்பதான் மண்டைல ஏறுச்சு. 211 − 178 + 49 பார்த்ததும் ஏன் கனத்த கூட்டுனா விசை கூடுதுன்னும் புரிஞ்சுடுச்சு, பின் முகம் தள்ளிப் போனா தள்ளற விசை கொறையுது, சரிதானே?

தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள விசைய நானே எக்செல்ல போட முடியுமா? வேற சைஸ் வாங்குனா மறுபடி உங்கள தொந்தரவு பண்ண வேணாம்னு பார்க்கறேன். இன்னொன்னு, ஃபிரேம் பக்கம் மேக்னட்டுக்கு பதிலா இரும்புத் தகடு வச்சா செலவு பாதியாகும், அதுக்கு எப்படி கணக்கு?

—

ஜாலான்பாசார்_வாசி (கோலாலம்பூர்):

நான் பதில் சொல்லலாமா, டீச்சர் கோச்சுக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன்.

எக்செல்ல தாராளமா போடலாம் தம்பி. ஒவ்வொரு முகத்தையும் சின்னச் சின்ன சதுரமா வெட்டுங்க, ஒவ்வொரு சதுரத்துக்கும் "சார்ஜ்" = பிஆர் × சதுரத்தோட பரப்பு. ரெண்டு சதுரத்துக்கு நடுவுல விசை = சார்ஜ் × சார்ஜ் ÷ (4 × பை × மியூ நாட் × தூரம்²). அது சாய்வா போற விசை, உங்களுக்கு வேண்டியது நேரா போற பங்கு மட்டும், அதனால (தட்டு இடைவெளி ÷ தூரம்) பெருக்குங்க. எல்லா ஜோடியையும் கூட்டுங்க, அவ்வளவுதான். சதுரம் இடைவெளியவிட நல்லா சின்னதா இருக்கணும், 2 எம்எம் இடைவெளிக்கு அரை எம்எம் சதுரம் எடுங்க. அப்படி வெட்டுனா ஒரு முகத்துக்கு சுமார் 1250 சதுரம் வரும், எல்லாத்தையும் எல்லாத்தோடயும் ஜோடி போட்டா எக்செல் திணறிடும். வட்டம்தானே, ஒரு முகத்த மட்டும் 20 வளையமா வெட்டி, வளையத்துக்கு ஒரு புள்ளி எடுத்து, அதுக்கு எதிர் முகத்து 1250 சதுரத்தையும் கூட்டி, வளையத்தோட பரப்பால பெருக்குனா போதும், 25,000 வரில முடிஞ்சுடும். ஒட்டுன நிலைக்கு மட்டும் இது சரிப்படாது, தூரம் ஸீரோ ஆயிடும்.

இல்லன்னா எஃப்இஎம்எம்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டேவிட் மீக்கர் எழுதுனது, அதுல அச்சு சமச்சீர் மோட எடுத்து அரை குறுக்குவெட்டு மட்டும் வரைஞ்சா போதும். அலுமினியம் நிலையான காந்தத்துக்கு காத்து மாதிரிதான், அத வரையவே வேணாம். இரும்பு சேர்ந்த டிசைனா இருந்தா கையில கணக்கு போடாதீங்க, இதுலயே போடுங்க. பைத்தான் தெரிஞ்சா மேக்பைலிப்ங்கற லைப்ரரில ஃபீல்டு எடுக்கலாம். சதுரக்கட்டி மேக்னட் வாங்குனீங்கன்னா அதுக்கு வெட்டற வேலையே இல்ல, அக்கூனும் யோனேவும் 1984லயே ரெண்டு செவ்வகக்கட்டி காந்தத்துக்கு நடுவுல உள்ள விசைக்கு முழு ஃபார்முலாவே குடுத்துட்டாங்க, நீளமா இருக்கும் ஆனா ஒரு தடவ டைப் பண்ணிட்டா ஆயுசுக்கும் ஒதவும்.

இரும்புத் தகடு விஷயத்துக்கு வர்றேன், இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். கனமான, அகலமான இரும்புத் தகடு முன்னால மேக்னட் வச்சா, தகட்டுக்கு அந்தப்பக்கம் அதே மேக்னட்டோட பிம்பம் ஒன்னு இருக்கற மாதிரி இரும்பு நடந்துக்கும். தகடு 2 எம்எம் தள்ளி இருந்தா பிம்பம் அதுக்கும் 2 எம்எம் அந்தப்பக்கம், அதனால மொத்தம் 4 எம்எம் இடைவெளில ரெண்டு மேக்னட் இருக்கற மாதிரி. 4 எம்எம்க்கு சுமார் 2.6 கிலோ. ஒட்டுன நிலைல ரெண்டும் ஒன்னுதான், 8.4, அதனாலதான் கடைக்காரங்க இரும்புல ஒட்டி அளந்த நம்பர தைரியமா போடறாங்க. இடைவெளி வந்துட்டா மட்டும் இரும்பு பின்தங்கிடும், 4.1க்கு பதில் 2.6. உங்களுக்கு துணி நடுவுல வர்றதால மேக்னட்டுக்கு மேக்னட்டே நல்லது. தகடு வச்சே ஆகணும்னா 3 எம்எம் கனமாச்சும் இருக்கணும், பிஸ்கட் டின் தகடு மாதிரி மெல்லிசா வச்சா அதுக்குள்ள அவ்வளவு ஃபிளக்ஸ் (காந்தப் பாய்வு) போக எடம் இருக்காது, மிச்சம் பின்பக்கமா ஒழுகிடும், விசை இன்னும் எறங்கும்.

நீங்க கனம் பத்தி சொன்னது சரி. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு மேக்னட்ட ஒன்னுமேல ஒன்னு அடுக்கி 10 எம்எம் ஆக்குனா, 2 எம்எம் இடைவெளில 4.1 இருந்தது சுமார் 7.7 கிலோவா ஏறும். மூனு நாலுன்னு அடுக்கிக்கிட்டே போனா அதே அளவு ஏறாது. எடையும் பாருங்க, ஒரு மேக்னட் 12 கிராம்தான், ஆனா பேனல் நெறைய இருந்தா மாமா தோள்ல கூடும்.

—

பிறை_டெக்னிஷியன்:

டீச்சர் சொன்ன 0.58 விஷயம் அருமை, நாளைக்கே ஃபேக்டரில ரெண்டு மேக்னட்டுக்கு நடுவுல புரோப் விட்டு பார்க்கப் போறேன், மெல்லிசு புரோப் ஒன்னு இருக்கு.

தம்பி, நம்பர் கெடச்சுடுச்சு, இப்ப அத காவடில போட்டுப் பார்ப்போம். நாலு ஜோடி × 4.1 = 16.4 கிலோ, கேக்க பெருசா இருக்கு. சறுக்கல்ல அஞ்சுல ஒன்னு எடுத்தா 3.3 கிலோ. பேனல் 1.2. சும்மா நின்னா போதும். ஆனா மாமா சும்மா நிக்கப் போறதில்ல, உறுமி சத்தம் கேட்டா ஆடுவாரு, ஆடறப்ப குதிச்சு எறங்குனா பேனலோட எடை ரெட்டிப்பா மூனு மடங்கா தெரியும், 2.4, 3.6. 3.3 வச்சுக்கிட்டு 3.6ஐ தாங்க முடியாது. மேக்னட் கொஞ்சம் சறுக்குனதும் நடுவுக்கு திரும்பி இழுக்கும்தான், ஆனா அதுக்கு அது மொதல்ல சறுக்கணும், சறுக்குனா துணி சுருங்கும், பேனல் சாயும்.

அதனால ஃபிரேம்ல கீழ ஒரு அலுமினிய ஆங்கிள் ரிவெட் அடிங்க, பேனலோட அடி அதுமேல உக்காரணும், ஓரத்துல 5 எம்எம் ஒதடு விடுங்க, பக்கவாட்டுலயும் சின்ன தடுப்பு வைங்க. எடைய ஆங்கிள் தாங்கும், மேக்னட்டுக்கு ஒரே வேலை, பேனல் முன்னால சாயாம பிடிச்சுக்கறது. இப்ப கணக்க பாருங்க: மேல் ரெண்டு மேக்னட்டும் அடிலேந்து 36 சென்டி உயரத்துல இருந்தா 2 × 4.1 × 36 = 295 கிலோ-சென்டி பிடிமானம். பேனல் ரெண்டு மடங்கு விசைல முன்னால உலுக்குனா 2.4 கிலோ × 20 சென்டி = 48. ஆறு மடங்கு மார்ஜின் கெடச்சுடுச்சு. அதே மேக்னட், அதே பேனல், வைக்கற விதம் மட்டும்தான் வேற. யாராச்சும் கூட்டத்துல மேல் ஓரத்த பிடிச்சு இழுத்தாகூட 7 கிலோவுக்கு மேல இழுத்தாதான் வரும்.

இருந்தாலும் ஒரு நைலான் கயிறு பின்னாலேந்து ஃபிரேமுக்கு போட்டுடுங்க. கீழ கொழந்தைங்க நடக்கறாங்கன்னு நீங்களே சொன்னீங்க, அதுக்கு மேல பேச்சு கெடையாது.

சூடு பத்தியும் சொல்லிடறேன். சாதா என்-42 80 டிகிரி வரைக்கும்தான், அதுக்கு மேல போனா நிரந்தரமாவே பவர் கொறஞ்சுடும். வெயில்ல மூடி நிறுத்துன காருக்குள்ள டேஷ்போர்டு மேல வைக்காதீங்க, சூடம் கொளுத்தற தட்டு பக்கத்துலயும் வேணாம். 60 டிகிரிக்கு போனா ஃபீல்டு ஒரு 4, 5 சதவீதம் எறங்கும், விசை வர்க்கம்ங்கறதால 9 சதவீதம் கிட்ட, ஆறுனதும் திரும்பிடும், அதுக்கு பயப்பட வேணாம்.

ஒட்டறதுக்கு ரெண்டு டியூப் கலக்கற எப்பாக்ஸி. நிக்கல் பூச்சு வழவழன்னு இருக்கும், உப்புத்தாள்ல லேசா தேச்சு, ஸ்பிரிட் போட்டு தொடச்சுட்டு ஒட்டுங்க, ரொம்ப தேச்சு பூச்சு போயிடுச்சுன்னா நம்ம ஊரு ஈரத்துக்கு உள்ள துரு பிடிச்சு பொடியா உதிரும். பிரிக்கறப்ப ஒவ்வொரு தடவையும் 4 கிலோ அந்த பசைதான் வாங்குது, அத மறக்காதீங்க. முடிஞ்சா நடுவுல ஸ்குரு ஓட்டை உள்ள மேக்னட் வாங்குங்க, ஓட்டைக்கு கொஞ்சம் விசை போகும், ஆனா பசைய நம்பி இருக்க வேணாம்.

—

பாகான்_தம்பி:

அண்ணே, ஆங்கிள் அடிச்சாச்சு. நீங்க சொன்னத மாமாகிட்ட சொன்னேன், அவரே பக்கத்துல உக்காந்து ரிவெட் பிடிச்சாரு.

பேக் எடை பார்க்கற கையடக்க தராசு வச்சு அளந்தேன். ஒரு மேக்னட்ட பலகைல ஸ்குரு போட்டு பிடிச்சு, இன்னொன்னுல கொக்கி வச்சு, நடுவுல பழைய பேங்க் கார்டு வச்சு மெதுவா இழுத்து, விடறப்ப தராசுல நிக்கற நம்பர எடுத்தேன். ஒரு கார்டு 0.76 எம்எம். ரெண்டு கார்டுக்கு 4.1 கிலோ, மூனு கார்டுக்கு 3.4. எக்செல்ல ரெண்டு கார்டுக்கு 4.7ம் மூனுக்கு 3.8ம் வருது. கொஞ்சம் கொறையுது, ஆனா எறங்கற விதம் ஒரே மாதிரி இருக்கு. இந்த வித்தியாசம் சரியா, இல்ல மேக்னட் கிரேடுல ஏமாத்திட்டாங்களா?

கடைசியா ஒன்னு, நாலு மூலைலயும் வடக்கு தெற்க எப்படி வைக்கறது? மாத்தி மாத்தி வச்சா பேனல் தலைகீழா மாட்டாதுன்னு ஒரு நண்பர் சொன்னாரு.

—

செந்தூல்_டீச்சர்:

அழகா அளந்திருக்கீங்க தம்பி, இந்த அளவ ஒரு கொறையும் சொல்ல முடியாது. ரெண்டு அளவுலயும் கணக்குல 87, 89 சதவீதம் வருது. கை கொஞ்சம் சாஞ்சு இழுத்தாலே ஒரு ஓரம் மொதல்ல தூக்கிடும், அதுலயே பத்து சதவீதம் போகும். கார்டுங்களுக்கு நடுவுல காத்து இருந்தா இடைவெளியும் கொஞ்சம் கூடும். கிரேடு பொய்யா இருந்தா எப்படி தெரியும்னா, விசை பிஆரோட வர்க்கத்துல போகுது, 88 சதவீதம் விசைனா பிஆர் 94 சதவீதம், அதாவது 1.22 டெஸ்லா. முழு வித்தியாசத்தையும் மேக்னட் மேலயே போட்டாகூட ஒரு என்-38 அளவுக்கு வருது, அதவிட மோசமில்ல. நீங்க அளந்த நம்பரயே எடுத்துக்கங்க, கணக்குல வந்தத எடுக்காதீங்க. 2 எம்எம்க்கு 3.6ன்னு வச்சா பிறை அண்ணே சொன்ன பிடிமானம் 259 ஆகும், 48க்கு அது அஞ்சு மடங்கு, தாராளம்.

மூலைக்கு மாத்தி மாத்தி வைக்காதீங்க. மேல் இடது வடக்கு, மேல் வலது தெற்கு, கீழ் இடது தெற்கு, கீழ் வலது வடக்குன்னு வச்சா, பேனல தலைகீழா திருப்புறப்ப மேல் இடது போயி கீழ் வலதுல உக்காரும், ரெண்டும் வடக்கு, அதனால தலைகீழாவும் நல்லா ஒட்டிக்கும். இடது ரெண்டும் வடக்கு, வலது ரெண்டும் தெற்குன்னு வைங்க. திருப்புனா நாலு மூலையும் தள்ளும், இருட்டுலயும் கைக்கு தெரிஞ்சுடும். அடுத்த பேனலுக்கு மேல் ரெண்டும் வடக்கு, கீழ் ரெண்டும் தெற்கு. அது தலைகீழாவும் மாட்டாது, மொத பேனலோட எடத்துல வச்சா ரெண்டு மூலை இழுக்கும் ரெண்டு மூலை தள்ளும், ஒழுங்கா உக்காராது. இந்த ரெண்டு விதத்துல ரெண்டு பேனல பிரிச்சுடலாம், அதுக்கு மேல பேனல் இருந்தா மேக்னட் வைக்கற எடத்த ஒரு 3 சென்டி நகத்தி வைங்க.

பசை போடறதுக்கு முன்னாடியே மேக்னட் ஒவ்வொன்னுலயும் பசை படப்போற முகத்துல மார்க்கர்ல புள்ளி வச்சுடுங்க, ஃபிரேம் பக்கத்து மேக்னட்ட பேனல் மேக்னட் மேல ஒட்ட வச்சு, அந்த நிலைலயே குறி போட்டா எந்தப் பக்கம் வெளிய வரணும்ங்கற சந்தேகமே வராது. குறி போட்டதும் ஜோடி ஜோடியா பிரிச்சு தனித்தனி டப்பால வைங்க, பசை காயறதுக்குள்ள பக்கத்துல உள்ளது பாஞ்சு வந்து ஒட்டிக்கும், மோதுனா ஓரம் சில்லு சில்லா ஒடையும். தூக்கறவங்க, கூட நடக்கறவங்க யாருக்காச்சும் நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கான்னு மாமாகிட்ட கேட்டுடுங்க, இருந்தா அவங்க இந்த மேக்னட்டுலேந்து 15 சென்டிக்கு மேல தள்ளியே இருக்கணும்.